ஆனந்தராஜாவின் ரீவிக்கு ஒரு ட்ரைவ்

துஷ்யா வார நாட்களில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் இருப்பாள். சனி, ஞாயிறுகளில் கல்யாண வீடியோ எடுப்பாள். இரண்டாவது கமராவைப் பிடிப்பவன் அபிராம். கோயம்புத்தூரிலிருந்து மென்பொருள் வேலைக்காக ஒஸ்லோவுக்கு வந்தவன். படம்பிடிக்கிற ஆசையில் இரண்டு வருடமாக அவளோடு அலைகிறான்.

ஜூன் மாதக் கல்யாணம் ஒன்றுக்காக மாப்பிள்ளையின் அக்கா யாழ் ரொறொன்ரோவிலிருந்து அழைத்தாள்.

"துஷ்யா, அப்பாவுக்கு இப்பதான் இருதய ஒப்பரேஷன் நடந்தது. பிளேன் ஏற ஏலாது. ஃபோனிலை காட்டுறம் எண்டால் கேக்கிறாரில்லை. மகன் தாலி கட்டுறதை உள்ளங்கையிலை வைச்சுப் பாக்கமாட்டன், ரீவியிலைதான் பாப்பன் எண்டு நிக்கிறார்."

"ரீவியிலை இன்ரநெற் இருக்கோ அக்கா?"

"எங்கை? அது பழசு. யூ.எஸ்.பி. ஓட்டை ஒண்டு இருக்கு, அவ்வளவுதான். மாத்தவும் விடுறாரில்லை."

காலையில் கோயிலில் தாலிகட்டு. மதியம் ஃபியோர்ட் எனும் கடல்நீரேரியில் ஒரு பழைய பாய்க்கப்பலில் விருந்து. கப்பல் கரை சேர்ந்ததும் யாழ் நேரே விமான நிலையம் போகவேண்டும். ஆகவே எடுத்த வீடியோ எல்லாவற்றையும் கப்பலிலேயே ஒரு ட்ரைவில் பிரதி எடுத்து அவள் கையில் கொடுக்கவேண்டும். கப்பல்காரர்களிடம் துஷ்யா கேட்டுப் பார்த்தாள். மேல்தளத்தில் மின்சாரம் கிடையாது என்றார்கள்.

ட்ரைவ் வாங்கப் போன கடையில் அபிராம் நேராகப் போய்த் தடித்த பெட்டி ஒன்றைத் தூக்கினான். "இதப் பாருங்க, விலையும் கம்மி, இடமும் நெறைய."

துஷ்யா பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். "இதுக்கு ஒரு ஸ்திக்கொன்தாக்த் வேணும். சுவரிலை செருகாமல் இது ஓடாது. கப்பலிலை சுவருக்கு எங்கை போறது?"

"அட ஆமால்ல."

யூ.எஸ்.பி. கம்பி ஒன்றிலேயே உயிர் வாழும் கையடக்க ட்ரைவ் ஒன்றை வாங்கிக்கொண்டு புருசெத்தில் இருந்த துஷ்யாவின் வீட்டுக்கு ரயில் ஏறினார்கள். துஷ்யாவின் மடிக்கணினியில் அது சமர்த்தாக ஓடியது. ஆனாலும் அவளுக்கு யாழின் அப்பா ஆனந்தராஜாவின் பழைய ரீவி மனதை விட்டுப் போகவில்லை. அவள் வீட்டுப் படுக்கையறையிலும் ஒரு பழசு இருந்தது. அதில் செருகினாள். ட்ரைவ் டிக், டிக் என்றது. விளக்கு மினுங்கி அணைந்தது. மறுபடியும் டிக், டிக்.

"உள்ள தட்டு சுத்த ஆரம்பிக்கவே கரண்ட் அதிகமா வேணும். இந்த டிவி போர்ட் அவ்வளவு குடுக்காது போல" என்றான் அபிராம்.

"ரீவி" என்று திருத்தினாள் துஷ்யா.

"டிவி."

மறுநாள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுழலும் தட்டே இல்லாத எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்கினார்கள். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது. இடம் குறைவு, விலை அதிகம். ஆனால் படுக்கையறை ரீவி அதை உடனே அடையாளம் கண்டு, பழைய பிறந்தநாள் வீடியோ ஒன்றைத் தடங்கலின்றிக் காட்டியது. அவள் கட்டிலில் குதித்தே விட்டாள்.

கல்யாணம் நல்லபடி நடந்தது. கப்பலில் வெயிலும் காற்றும் போட்டி போட்டன. மாப்பிள்ளை மதுரன் இளநீல வேட்டியோடு பாய்மரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று ஆட, துஷ்யா ஒரு மூலையில் மடிக்கணினியை விரித்துப் பிரதி எடுக்கத் தொடங்கினாள். பாதி தாண்டியதும் ட்ரைவ் திரையிலிருந்து மறைந்துபோனது.

"ஐயோ! என்ன செய்தனீங்கள்?"

"நான் ஒண்ணும் பண்ணலைங்க! ஃபோன் சார்ஜ் போயிருச்சுன்னு அதுல சொருகினேன், அவ்வளவுதான்."

கார்ட் ரீடர், மவுஸ், ட்ரைவ் எல்லாம் ஒரே குட்டி ஹப்பில் தொங்கிக்கொண்டிருந்தன. நாலாவதாக அபிராமின் ஃபோன்.

"கணினி குடுக்கிற கொஞ்சக் கரண்டை இத்தனை பேருக்கும் பங்கு போட்டால் ஆருக்கு என்ன மிஞ்சும்? எடுங்கோ அதை!"

"கோவப்படாதீங்க. கோவப்பட்டா உங்க மூக்கு சிவந்துருது."

"என்ரை மூக்கைப் பாக்கிற நேரமே இது?"

ஹப்பைக் கழற்றிவிட்டு ட்ரைவை நேரே மடிக்கணினியில் செருகினாள். மறுபடி முதலிலிருந்து. மின்கலம் குறைந்துகொண்டே வர, திரையின் வெளிச்சத்தை அடியோடு தாழ்த்தினாள். அபிராம் தன் மேலங்கியை விரித்து வெயிலை மறைத்துக்கொண்டு அசையாமல் நின்றான். தங்கள் கமராக்களில் கடைசியாக இருந்தவற்றையும் அள்ளிப் போட்டார்கள். கரையில் கயிறு வீசும்போது வேலை முடிந்தது. யாழ் ட்ரைவைக் கைப்பைக்குள் வைத்து, துஷ்யாவைக் கட்டிப்பிடித்துவிட்டு டாக்சிக்கு ஓடினாள்.

இரண்டு நாளில் ரொறொன்ரோவிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. அடுத்த வேலைக்காகக் கமராக்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள் இருவரும். திரையில் ஆனந்தராஜா, மெலிந்த முகம் முழுக்கச் சிரிப்பு.

"பிள்ளை, முழுக்கப் பாத்திட்டன். செருகின உடனை ஓடினது. தாலி கட்டேக்கை அவன் முடிச்சுப் போட்டதும் தெளிவாத் தெரிஞ்சது." கொஞ்சம் தண்ணீர் குடித்தார். "கடைசியிலை ஒரு நீளமான துண்டு. கமராவை நிப்பாட்ட மறந்திட்டியள் போல. மூக்கு சிவந்த கதையெல்லாம் கேட்டுது."

துஷ்யா கண்ணை மூடிக்கொண்டாள்.

"அந்தப் பெடியன் மேலங்கியோடை எவ்வளவு நேரம் நிக்கிறான்! பாவம், கை நோகேல்லையோ? உங்கடை கலியாணம் எப்ப பிள்ளை? ஒரு வருஷம் பொறுத்தால் நான் பிளேன் ஏறுவன்."

"நாங்கள் அப்பிடி ஒண்டும் இல்லை மாமா" என்றாள் துஷ்யா.

அபிராம் துடைத்துக்கொண்டிருந்த லென்ஸைக் கீழே வைத்தான். திரைக்குள் எட்டிப் பார்த்து, "கை ரொம்ப வலிச்சுதுங்க மாமா" என்றான்.

துஷ்யா அவனைத் திரும்பிப் பார்த்தாள். திட்டுவதற்குத்தான் வாயைத் திறந்தாள், சிரிப்புத்தான் வந்தது.