ஓடைக்கு இந்தப் பக்கம்

நகரமைப்பு அலுவலகத்தில் வரைபடம் வரைவதுதான் அவள் வேலை. குடியிருப்புக்கு மஞ்சள், கடைகளுக்கு நீலம், தொழிற்சாலைகளுக்கு ஊதா. எந்த இடத்தில் எதைக் கட்டலாம், எதை நடத்தலாம் என்பதை அந்த நிறம்தான் தீர்மானிக்கும். பதினோரு வருடமாக இதைச் செய்கிறவள் அன்று காலை திரையில் படத்தைப் பெரிதாக்கி மறுபடியும் பார்த்தாள். புதிய திட்ட வரைவில் அக்காவின் தெரு முழுக்க ஊதாவாக இருந்தது.

அக்கா தன் வீட்டுக் கீழ்த்தளத்தில் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறாள். பதினெட்டுக் குழந்தைகள். தொழிற்சாலை மண்டலத்தில் காப்பகத்துக்கு இடமே கிடையாது.

பழைய படத்தோடு ஒப்பிட்டாள். ஊதா, தெருவுக்குப் பின்னால் ஓடும் ஓடையோடு நின்றிருக்க வேண்டும். யாரோ கை தவறி முன்பக்கம் வரை இழுத்திருக்கிறார்கள். பிழைதான், சந்தேகமேயில்லை. ஆனால் அதை அவள் சொன்னால்? அக்கா வீட்டுக்காகக் கோட்டை நகர்த்தினாள் என்று பேச எவ்வளவு நேரமாகும்? ஓசைப்படாமல் திருத்திவிட்டால் அரை நிமிட வேலை. மவுஸின் மேல் கையை வைத்தாள். எடுத்துவிட்டாள்.

இரண்டு நாள் அந்தப் படத்தைத் திறப்பதும் மூடுவதுமாகவே போனது. இதில் அக்காவின் போன் வேறு.

"பின்பக்கம் ஒரு அறை எடுக்கலாம்னு இருக்கேன்டி. ஏதாவது பிரச்சினை வருமா?"

"இப்போதைக்கு வேண்டாம்க்கா."

"ஏன்?"

"சும்மாதான்."

"நீ மென்னு முழுங்குறதப் பாத்தா எனக்கு பயமா இருக்கு."

மூன்றாம் நாள் தலைமை நகரமைப்பாளரின் அறைக் கதவைத் தட்டினாள்.

"சார், இந்த எல்லை தப்பா இருக்கு. இன்னொண்ணும் சொல்லணும். அந்தத் தெருவுலதான் எங்க அக்கா வீடு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இத மொத நாளே சொல்லியிருக்கணும்."

"பயமா இருந்துச்சு சார்."

"இனிமே அந்த வரைபடத்தத் தொடாதீங்க. வேற ஆள அனுப்பிப் பாக்கறேன்."

ஆய்வாளர் போனார். ஓடையைப் பார்த்தார். ஒவ்வொரு வீட்டிலும் என்ன நடக்கிறது என்பதையும் குறித்துக்கொண்டார். கோடு ஓடைக்கே திரும்பியது, தெரு மஞ்சளானது. அவள் நிம்மதியாக மூச்சு விட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை, அக்காவுக்கு அறிவிப்பு வந்தது. குடியிருப்பு மண்டலத்திலும் காப்பகத்துக்குத் தனி அனுமதி வேண்டும். அக்கா அதை வாங்கியதே இல்லை. இவளும் ஒருநாளும் கேட்டதில்லை.

"ஆறு வருஷமா ஒருத்தரும் எட்டிப் பாக்கல. நீதான்டி வழி காட்டி அனுப்பியிருக்க!"

"சொல்லாம விட்டிருந்தா தெருவே போயிருக்கும்க்கா."

"தெரு இருக்கு. என் காப்பகம்?" போன் துண்டிக்கப்பட்டது.

அக்கா விண்ணப்பித்தாள். விசாரணை நாளில் உள்ளே போக இவளுக்கு அனுமதியில்லை. வெளியே தாழ்வாரத்தில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். காலையில் வண்டிகள் வழியை அடைக்கின்றன என்று எதிர்வீட்டு ஓட்டுநர் குரல் உயர்த்தியது கதவைத் தாண்டிக் கேட்டது. தன் மகளே அங்குதான் வளர்ந்தாள் என்று பக்கத்து வீட்டு நர்ஸ் பதிலுக்குக் கத்தினார். கடைசியில் அனுமதி கிடைத்தது. அந்தத் தெருவின் அகலத்துக்குப் பன்னிரண்டு குழந்தைகள்தான், அதற்கு மேல் கூடாது.

ஆறு வீடுகளுக்கு அக்கா தானே நேரில் போய், இனி பிள்ளையை அனுப்ப வேண்டாம் என்று சொன்னாள். ஒரு தாய் வாசலிலேயே அழுதுவிட்டாளாம். இதெல்லாம் நர்ஸ் சொல்லித்தான் தெரிந்தது. அக்கா இவளோடு இரண்டு மாதம் பேசவில்லை.

பிறகு ஒரு மதியம் போன் வந்தது.

"கடைத்தெருவுல ஒரு மாடி காலியா இருக்கு. அந்த ஆறு பேரையும் அங்க வச்சுக்கலாமான்னு உங்க ஆபீஸ்ல யார்கிட்ட கேக்கணும்?"

"எனக்கே தெரியும்க்கா. நீல மண்டலம்னா..."

"உன்கிட்ட கேக்கல. யார்கிட்ட கேக்கணும்னு கேட்டேன்."

அது கோபமா கிண்டலா என்று இவளுக்குப் பிடிபடவில்லை.

"கீழ்த்தளத்துல மூணாவது கவுன்ட்டர்."

"நாளைக்குப் பத்து மணிக்கு வர்றேன்" என்ற அக்கா, விசாரணைக்கு வந்துபோன அதே கட்டடம்தான் என்றாலும், சொன்னாள்: "எனக்கு எடம் தெரியாது. நீ வாசல்ல நில்லு."