எட்டில் வைத்தால் கேட்காது

சவுண்ட்பாரை வைத்துக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா என்று முடிவு சொல்ல எங்களுக்குப் பதினாலு நாள் கெடு. அதில் பன்னிரண்டு நாளை என் வீட்டுக்காரர் அமல்தாஸ் தின்று தீர்த்தார். பதின்மூன்றாம் நாள் நான் பக்கத்து வீட்டுக்குப் போனேன். இரண்டு வருஷமாக நான் மிதிக்காத வாசல் அது.

வரிசையாக வீடுகளை ஒட்டிக் கட்டிய எங்கள் லயம் ரிங்லெட்டைத் தாண்டி மேலே ஏறினால் வரும் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறது. பலகைச் சுவர், தகரக் கூரை. கேமரன் மலையில் மத்தியானத்துக்கு மேல் மழை பெய்யாத நாளை விரல்விட்டு எண்ணிவிடலாம். தகரத்தில் மழை விழுந்தால் டிவியில் ஆட்கள் வாயசைப்பதுதான் தெரியும். வாரம் ஆறு நாள் கொழுந்து லோரி ஓட்டுகிற மனுஷனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு படம் பார்ப்பது ஒன்றுதான் ஆசை. மழை பிடித்ததும், "என்னா சொன்னான்? இப்ப என்னா சொன்னான்?" என்று என்னைப் போட்டு உலுக்குவார். எனக்கு மட்டும் தனியாகவா கேட்கிறது?

இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் கோலாலம்பூரில் வேலை செய்யும் எங்கள் மகன் ரயன் அந்தப் பெட்டியை அனுப்பினான். விலையைச் சொன்னால் நீங்கள் என்னைத்தான் திட்டுவீர்கள், விடுங்கள். உள்ளே டிவிக்குக் கீழே வைக்க நீளமாக ஒன்று, மூலையில் வைக்க அரிசி டின் அளவில் ஒன்று, நம் முதுகுக்குப் பின்னால் வைக்கச் சின்னதாக இரண்டு.

"நல்லா டெஸ்ட் பண்ணிப் பாருங்க மம்மி. புடிக்கலன்னா பதினாலு நாளுக்குள்ள திருப்பிக் குடுத்துடலாம்," என்றான். என்னென்ன பார்க்க வேண்டும் என்று போனில் எழுதியும் அனுப்பினான். மழையில் பேச்சு தெளிவாகக் கேட்கிறதா? அடிச்சத்தம் நெஞ்சில் இறங்குகிறதா? பின்னால் வரவேண்டிய சத்தம் பின்னால் வருகிறதா? நாலாவதாக ஒன்று இருந்தது. பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு உண்டா?

அதைப் படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

பக்கத்து வீட்டில் இருப்பது மலர். எங்கள் சோபாவுக்குப் பின்னால் ஒரு பலகைச் சுவர், அதற்கு அந்தப் பக்கம் அவள் வீட்டு ஹால். அந்தச் சுவரும் கூரைவரைக்கும் போகாது, மேலே ஒரு முழம் திறந்துதான் கிடக்கும். இருபத்திரண்டு வருஷம் நாங்கள் அந்தப் பலகை வழியாகவே குடித்தனம் நடத்தினோம். நான் இரண்டு தட்டுத் தட்டினால் தேத்தண்ணி தயார் என்று அர்த்தம். அவள் புடைவையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை அவளும் அவள் புருஷன் கந்தசாமியும் எங்கள் ஹாலில்தான் படம் பார்ப்பார்கள். கந்தசாமிக்குச் சிரிப்பு வந்தால் அடங்காது. பாதிப் படம் அவர் சிரிப்பிலேயே போய்விடும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் டிசம்பரில் மார்வலி என்று நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

லயத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பதினாறாம் நாள் கருமாதி முடிகிறவரை பக்கத்து வீடுகளில் டிவி, ரேடியோ எதுவும் போட மாட்டோம். இதில் கோயில் வீடு, சர்ச் வீடு என்கிற பேதம் கிடையாது. என் மாமியார் போனபோது மலர் தன் வீட்டு ரேடியோவின் மேல் துண்டைப் போட்டு மூடிவைத்தவள். அதனால் நானும் குறை வைக்கவில்லை. அந்த வருஷம் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கவிடவில்லை. கேரல் பாட வந்தவர்களை லயத்து முனையிலேயே கும்பிட்டுத் திருப்பி அனுப்பினேன்.

ஆனால் ஒன்பதாம் நாள் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளாகப் போயிற்று. மூன்று நாள் லீவில் வந்த ரயன் கையோடு புது டிவியும் கொண்டுவந்திருந்தான். "ஒரே ஒரு படம் மம்மி, சத்தம் இல்லாம," என்று கெஞ்சினான். பிள்ளை முகத்தைப் பார்த்து மனசு இளகிவிட்டது. நானே ரிமோட்டை வாங்கிச் சத்தத்தை எட்டில் வைத்தேன். நூறுவரை போகிற டிவியில் எட்டு! எட்டில் வைத்தால் யாருக்குக் கேட்கும்? சிரிப்புப் படம். தலையணையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தோம்.

மறுநாள் பலகையைத் தட்டினேன். பதில் இல்லை. கருமாதிக்கு அரிசியும் காய்கறியும் கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டாள், வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போவாள். அமல்தாஸிடம் மட்டும் "அண்ணே" என்று இரண்டு வார்த்தை பேசுவாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. எட்டுக்கா இந்த வீம்பு? நட்சத்திரம் கட்டாமல் இருந்தேனே, அது கண்ணில் படவில்லையா? கேட்டவர்களிடம் எல்லாம் சொன்னேன், கேட்காதவர்களையும் நிறுத்திவைத்துச் சொன்னேன். என் மேல் தப்பே இல்லை.

இருந்தாலும் நாலு மணிக்குத் தேத்தண்ணி போட்டால் கை தானாகப் பலகைக்குப் போகும். பாதியில் இழுத்துக்கொள்வேன். எனக்கு அக்கா தங்கச்சி கிடையாது. அவள் ஒருத்திதான் இருந்தாள்.

சவுண்ட்பாருக்கு வருவோம். மாட்டியதும் அது முதலில் அறையை அளக்க வேண்டுமாம். ஊய் ஊய் என்று விசிலடித்தது. பிறகு ஹாலின் படத்தைப் போனில் போட்டுக் காட்டியது. நீளம் இருபத்தெட்டு அடி.

"நம்ம ஹால் பதினாலு அடிதானே டாடி?" என்றான் ரயன் வீடியோவில்.

அமல்தாஸ் டேப் வைத்து அளந்தார். பதினாலுதான். மறுபடியும் விசில், மறுபடியும் இருபத்தெட்டு. மூன்று தடவை செய்து பார்த்தோம். அந்தச் சாமான் பலகைச் சுவரைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. எங்கள் ஹாலையும் மலர் ஹாலையும் ஒரே அறையாகப் போட்டு, பின்னால் வைக்க வேண்டிய ஸ்பீக்கர்களுக்கு அந்தப் பக்கம் இரண்டு புள்ளியும் வைத்திருந்தது.

"அது மலரு வீட்டு சாமி மேடை இருக்கிற எடம்லா!" என்றார் அமல்தாஸ்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். வந்து இறங்கிய முதல் நாளே என் கூடத்தைக் குறை சொல்கிறது. சின்ன ஸ்பீக்கர் இரண்டையும் எங்கள் பக்கத்துப் பலகையிலேயே ஆணியடித்து மாட்டச் சொன்னேன்.

மற்றபடி நல்ல சாமான்தான், பொய் சொல்லக் கூடாது. கொட்டுகிற மழையிலும் பேச்சு தெளிவாகக் கேட்டது. 'என்னா சொன்னான்' ஒழிந்ததே எனக்குப் பெரிய நிம்மதி. அரிசி டின் ஸ்பீக்கர் போட்ட அடியில் அலமாரியில் கிளாஸ்கள் கிலுகிலுத்தன, மாதா சுரூபம் ஒரு அங்குலம் நகர்ந்து நின்றது. பின் ஸ்பீக்கர் விஷயம்தான் அவருக்குத் தீரவில்லை. ஒரு நாள் படத்தில் லோரி கிளம்பியதற்குத் தன் லோரியை எவனோ ஓட்டிப்போகிறான் என்று செருப்புகூடப் போடாமல் வெளியே ஓடினார். மறுநாளே, "பின்னால சரியா வரலியோ?" என்று சந்தேகப்பட்டு நாற்காலியை நகர்த்தினார். இப்படியே பன்னிரண்டு நாள்.

பதின்மூன்றாம் நாள் ஞாயிறு. சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் ரயன் கூப்பிட்டான்.

"நாளைக்குக் கடைசி நாள் மம்மி. பக்கத்து வீட்ல கேட்டீங்களா? யாராச்சும் கிராணிகிட்ட போய்ச் சொல்லிட்டா பெரச்சன ஆயிடும்."

தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி காதுக்கு ஒரு விஷயம் போனால் அது மேனேஜர்வரைக்கும் போய்த்தான் நிற்கும். நான் அமல்தாஸைப் பார்த்தேன்.

"நீங்க போய்க் கேளுங்க. நான் ரிமோட்ட வச்சிருக்கேன்."

"பார் ரிமோட்டுல எந்தப் பொத்தான்னு ஒனக்குத் தெரியுமா?" என்றார். அதுவும் நிஜம்தான். பிறகு மெதுவாக, "ரெண்டு வருசம் ஆச்சு ஐவி. போயிட்டு வா," என்றார்.

சவுண்ட்பாருக்காகத்தான் போகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனேன். வழியெல்லாம் எனக்கும் அதையே சொல்லிக்கொண்டேன். வழி என்ன பெரிய வழி, ஆறு எட்டு நடைதான்.

மலர் ஹாலில் தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கத்தி நின்றது.

"வாங்க," என்றாள். முன்பெல்லாம் 'வாக்கா' என்பாள்.

"புதுசா ஸ்பீக்கர் ஒன்னு வந்திருக்கு. ஒனக்குத் தொந்தரவா இருக்கான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"பாருங்க."

"போடுங்க!" என்று சுவரைப் பார்த்துக் கத்தினேன்.

"மொதல்ல வெறும் டிவி போடுறேன்! அப்புறமா பார் போடுறேன்! அப்பத்தான் வித்தியாசம் தெரியும்!" அந்தப் பக்கத்திலிருந்து அமல்தாஸ். "சவுண்டு எத்தனைல வைக்க?"

"எட்டு," என்றேன்.

வேண்டுமென்றேதான் சொன்னேன். எட்டு என்றால் எவ்வளவு கம்மி என்று அவள் என் கண் முன்னாலேயே கேட்கட்டும், கேட்டுவிட்டுத் தலை குனியட்டும் என்று நினைத்தேன். என் புத்தி அப்படித்தான்.

படம் ஆரம்பித்தது. யாரோ ஒருவன் மடக் மடக்கென்று தண்ணீர் குடித்தான். தம்ளரைக் கீழே வைத்தான். "அம்மா, நான் கெளம்புறேன்" என்றான். அத்தனையும் என் தலைக்கு மேலே தகரத்திலிருந்து இறங்கி வந்தது. எங்கள் வீட்டில் இவ்வளவு தெளிவாக நான் கேட்டதே இல்லை. டிவி இந்தச் சுவரைப் பார்த்துத்தானே நிற்கிறது. சத்தம் நேரே மேலே ஏறி, இடைவெளியில் நுழைந்து, இங்கே வந்து விழுகிறது. அமல்தாஸின் இருமல்கூட விழுந்தது. விழுகிற இடத்தில் சாமி மேடை, பக்கத்தில் மாலையோடு கந்தசாமியின் படம்.

சவுண்ட்பார் இல்லை. வெறும் டிவி. எட்டு.

அவள் எதிரில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"மலரு, அன்னைக்கும் இப்படியா கேட்டுச்சு?"

"எல்லாம் கேட்டுச்சு."

"எனக்குத் தெரியாதுடி. எட்டுல வச்சா கேக்காதுன்னு நெனச்சேன். தப்பு என்னுதுதான்."

இரண்டு வருஷமாக ஊர் முழுக்க மாற்றிச் சொல்லிவந்த வாயால் இதைச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அவமானமாகக்கூட இல்லை. முன்னாலேயே வந்திருக்கலாமே என்றுதான் இருந்தது.

மலர் கத்தியைக் கீழே வைத்தாள்.

"நீங்க படம் போட்டீங்கன்னுதானா நான் பேசாம இருந்தேன்? புள்ள லீவுல வந்திருக்கான், போட்டுட்டுப் போங்க. அதுக்கா?"

"பின்ன?"

அவள் கந்தசாமியின் படத்தைப் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது.

"அதுல மாப்பிள்ளக்காரன் கெணத்துல விழுவான்ல. அந்த எடத்துல இவரு இருந்திருந்தா எப்படி உருண்டு உருண்டு சிரிப்பாருன்னு நெனச்சேன்கா. எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு. புருசன் செத்து ஒம்பதாம் நாளு. வெளக்கு எரியுது, மாலகூட இன்னும் வாடல. நான் ஒக்காந்து சத்தம் போட்டுச் சிரிக்கிறேன். வாயப் பொத்துனேன், நிக்கல. எனக்கு இங்க எல்லாம் கேக்குதுன்னா, நான் சிரிச்சது ஒனக்குக் கேட்டிருக்கும்ல? காலையில நீ ரெண்டு தட்டு தட்டுற. நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வருவேன்?"

வீம்பு என்று நான் ஊரெல்லாம் பறையடித்தேன். இவள் வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"கேக்கலடி மலரு. நாங்க மூணு பேரும் தலகாணிய கடிச்சிக்கிட்டுக் கெடந்தோம். எங்களுக்கு ஒன்னுமே கேக்கல."

"நெசமாவா?"

"மாதா மேல சத்தியமா."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நானும் துடைத்துக்கொண்டேன். பீன்ஸ் தட்டு எங்கள் நடுவில் கிடந்தது. நாங்கள் பேசியது எதுவும் அமல்தாஸ் காதில் விழவில்லை, அவருக்குப் படம் ஓடிக்கொண்டிருந்தது.

"கேக்குதா?" என்று கத்தினார். "என்னா, ரெண்டு பேரும் இருக்கீங்களா? பார் போடவா?"

மலர்தான் பதில் சொன்னாள். "போடுங்கண்ணே!"

பார் போட்டார். சத்தம் கனமாக, அழகாக வந்து விழுந்தது. மலர் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "டிவிக்கு இது எவ்வளவோ தேவலாம்கா. காது வலிக்கல," என்றாள். ரயனின் நாலாவது கேள்விக்குப் பதில் அதுதான்.

சாயங்காலம் படம் பார்க்க வரச்சொன்னேன். மாட்டேன் என்றாள், ரிங்லெட் பூத்தோட்டத்தில் வாரமெல்லாம் நின்று வேலை செய்த கால் வலிக்கிறதாம். "நான் இங்கயே ஒக்காந்து கேக்குறேன். எனக்கு இங்கயே நல்லா விழுது," என்றாள். வாசல்வரை வந்தவள், "அன்னைக்குப் போட்ட அதே படத்தையே போடச் சொல்லுக்கா," என்றாள்.

நாலு மணிக்கு மழை பிடித்தது. தகரம் அதிர்ந்தது. அமல்தாஸ் படத்தைப் போட்டார். நான் சோபாவில் உட்கார்ந்திருந்தேன், காது மட்டும் முதுகுப்பக்கம் இருந்தது. படம் பாதியைத் தாண்டியது. மாப்பிள்ளை வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்து போய்க் கிணற்றில் விழுந்தான்.

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. மழையையும் படத்தையும் தாண்டி, அடக்காமல், மூச்சு வாங்க வாங்க வந்தது.

அமல்தாஸ் துள்ளி எழுந்தார். "பாத்தியா ஐவி! பின் ஸ்பீக்கரு! நெசமாவே ஆளு ஒக்காந்து சிரிக்கிற மாதிரியே வருது பாரு!"

பின் ஸ்பீக்கர் இரண்டின் பிளக்கையும் மத்தியானமே நான் பிடுங்கிவிட்டிருந்தேன். ரைஸ் குக்கர் மாட்ட அந்தப் பக்கத்தில் வேறு பிளக் பாயிண்ட் இல்லை.

"ஆமாங்க, நல்லாத்தான் வருது," என்றேன். "ரயன்கிட்ட சொல்லிடுங்க. திருப்பி அனுப்ப வேணாம்."

பிறகு எழுந்து போய் அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன். அது கொதிக்கும்வரைகூட எனக்குப் பொறுக்கவில்லை. பலகையில் இரண்டு தட்டுத் தட்டினேன்.