புது அன்னக்கூடை

ஐஸ் பெட்டியின் இரைச்சல் நின்றுபோனது முதலில் கலைமதிக்குத்தான் தெரிந்தது. பந்தலில் இருந்த பெண்கள் ஒப்பாரியில் இருந்தார்கள், ஆண்கள் செல்போனில் இருந்தார்கள். அவள் கண்ணாடி மூடிமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். அதிர்வு இல்லை. உள்ளே அவள் புருசன் நடராசன் நெற்றியில் ஒற்றை ரூபாயோடு படுத்திருந்தான்.

"ஏம்பா கௌதம், பெட்டி ஓடலையே."

நேற்று மாலை நெஞ்சுவலி என்று கடையிலேயே சாய்ந்தவனை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்ததும், இந்த ஐஸ் பெட்டியை வாடகைக்குக் கொண்டுவந்து வைத்தவன் கௌதம். பக்கத்திலேயே நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தான். பதறி எழுந்து கால்மாட்டுப் பக்கம் இருந்த கம்பித்தட்டியைக் கழற்றினான். உள்ளே கையை விட்டவன் 'ஸ்ஸ்' என்று விரலை உதறினான்.

"ஃபேன் ஜாம் ஆயிடுச்சுக்கா. உப்புக்காத்துல துருப்புடிச்சு சுத்தவே மாட்டேங்குது. அது சுத்தலன்னா கம்ப்ரஸர் சூடேறி தானா நின்னுடும்."

"வேற பெட்டி?"

"இன்னொண்ணு செய்யூர் போயிருக்குது. பாண்டில கேக்கறேன் இருங்க." கேட்டான். சாயங்காலம் ஆறு மணிக்கு மேலே ஆகும் என்றார்கள்.

மணி பதினொன்று. கத்திரி வெயில் பந்தலுக்குள்ளேயே கொதித்தது. பெட்டியின் ஓரத்தில் உள்ளே எத்தனை டிகிரி என்று சிவப்பாக எரிந்த எண் ஆறிலிருந்து ஏழானது.

நடராசனின் அண்ணன் ஆதிமூலம் வந்து எண்ணைப் பார்த்தார். உப்பளத்தில் மேஸ்திரி. சுருக்கமாகப் பேசுகிறவர்.

"தாங்காதும்மா. பன்னெண்டு மணிக்குள்ள எடுத்துடலாம்."

"நிவேதா வரணும் மாமா."

"பொண்ணு மஸ்கட்ல இருந்து வருது. ஒரு மணிக்கு சென்னையில எறங்கி, இங்க வர நாலு ஆயிடும். அதுவரைக்கும் வெச்சா என்ன ஆவும்னு உனக்கே தெரியும். வீடியோ எடுத்து வாட்ஸப்ல அனுப்பிடலாம்."

"மீனுக்குப் போடற ஐஸ் கட்டி வாங்கியாரட்டா?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஐஸ் வெச்சா தண்ணி ஊறி மொகம் உப்பிடும். அந்தப் புள்ள வந்து அந்த மூஞ்சியவா பாக்கறது?" என்றாள் எதிர்வீட்டுக் கொளஞ்சியம்மாள்.

நிவேதா நர்ஸ் வேலைக்குப் போய் இரண்டு வருசம். விமானம் ஏறுமுன் போனில் அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "நான் வர்ற வரைக்கும் அப்பாவ எடுத்துடாதம்மா." கலைமதி சரி என்று சொல்லியிருந்தாள். அந்தப் பேச்சை மீறினால் பிறகு மகளின் முகத்தை எப்படிப் பார்ப்பது? அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. உயிரோடு இருந்தவரை ஊரில் இருக்கிற ஃபேனையெல்லாம் ஓடவைத்தவன், இப்போது பார்த்து ஒரு ஃபேனிடம் தோற்றுப்போய்ப் படுத்திருக்கிறானே என்று எரிச்சல்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை நடராசனுடையது. உப்பளத்து ஆபீஸ்களிலும் எடைமேடைகளிலும் உள்ள கம்ப்யூட்டர்களில் அவன் கைபடாதது இல்லை. ப்ராசசர்மேல் இருக்கிற சின்ன ஃபேன் இந்தக் காற்றுக்கு ஒரு வருசம் தாங்குவதே பெரிது. கத்திக் கத்தி நின்றுவிடும், கம்ப்யூட்டரும் சூடேறி அணைந்துவிடும். அவன் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஒன்றரை மடங்கு பெரிய ஃபேனை வைப்பான். பெரியது நிதானமாகச் சுற்றும், காற்று கூட வரும், சத்தமும் இருக்காது. ஆனால் சின்ன இடத்தில் பெரிய ஃபேன் உட்காராதே, அதற்கு நடுவில் ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகிய ஓர் அடாப்டர் வேண்டும். ஆர்டர் போட்டால் வர எட்டு நாள் ஆகும். அதற்குள் எடைமேடையில் லாரி வரிசை கட்டி நிற்கும். அதனால் நடராசன் நேராக அடுக்களைக்கு வருவான். புனல், ஊறுகாய் டப்பா, நிவேதாவின் பழைய டிபன் பாக்ஸ் எல்லாம் அடியை இழந்தன.

"எங்கம்மா குடுத்த சீரெல்லாம் கம்ப்யூட்டருக்குள்ள போயிடுச்சு" என்று கலைமதி கத்துவாள். "நான் இருக்கிறனா, இல்ல என்னையும் அறுத்து எதுலயாவது மாட்டிட்டியா?"

"நீ எதுக்கும் அடங்க மாட்டியே" என்பான் அவன்.

கௌதம் வீட்டுக்குள்ளிருந்து டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து பெட்டியின் கால்மாட்டில் வைத்து முழு வேகத்தில் போட்டான். சூடு தணிந்ததும் கம்ப்ரஸர் முனகி எழுந்தது. கூட்டத்தில் எல்லோரும் மூச்சு விட்டார்கள். பத்தே நிமிசம். மறுபடியும் அடங்கிவிட்டது. எண் பதினொன்று.

"இவ்ளோ காத்து அடிக்குதே, அப்பறம் ஏன் நிக்குது?" என்றார் ஆதிமூலம்.

கலைமதி குனிந்து பார்த்தாள். காற்று பெட்டியின் தகரத்தில் மோதி நாலாபக்கமும் சிதறியது. அவள் புடவை படபடத்தது, மாலையின் இதழ்கள் பறந்தன. முறம் அளவுகூட இல்லாத அந்த ஓட்டைக்குள் மட்டும் போகவில்லை. டப்பாவைப் பிடிக்கச் சொல்லி அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு நடராசன் நூறு தடவை சொன்னது இதுதான்: காத்து எவ்ளோ இருந்தா என்ன கலா, போற எடத்துக்குப் போவணும்ல. போயும் போயும் இதற்கா அவன் பேச்சு உதவ வேண்டும் என்று இருந்தது அவளுக்கு.

எழுந்து வீட்டுக்குள் போனாள். ஸ்டூல் போட்டுப் பரண்மேல் ஏறி, பழைய புடவை மூட்டைக்குள் கைவிட்டு அகன்ற வாயுள்ள நீல நிற பிளாஸ்டிக் அன்னக்கூடை ஒன்றை உருவினாள். இட்லி அரிசி ஊறவைக்க என்று போன மாதம் திண்டிவனத்தில் வாங்கியது. அவன் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருந்தாள். நிவேதாவிடம் மட்டும் போனில் சொல்லியிருந்தாள். "அப்பாகிட்ட மூச்சு விடாத." மகள் அந்தப் பக்கம் சிரித்தாள். "அவரு மோப்பம் புடிச்சிடுவாரும்மா, பாத்துக்க."

அவனுடைய ஆக்சா பிளேடையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு பந்தலுக்கு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அன்னக்கூடையைக் கவிழ்த்துப் பிடித்து அடியை அறுக்கத் தொடங்கினாள்.

"புருசன் பொணமா கெடக்கறான், இவ என்ன பண்றா பாரு" என்று ஒரு குரல் வந்தது.

"சும்மா இருடி" என்றாள் கொளஞ்சியம்மாள். வந்து கூடையின் விளிம்பைத் தன் முழங்காலால் அழுத்திக்கொண்டாள். "அறு நீ."

பிளேடு ஒரு தடவை வழுக்கி ஆள்காட்டி விரலில் இறங்கியது. கலைமதி முந்தானையில் ஒரு துண்டு கிழித்துச் சுற்றிக்கொண்டு மறுபடியும் அறுத்தாள். கௌதம் துருப்பிடித்த ஃபேனைக் கழற்றி வெளியே எடுத்தான். கூடையின் அறுத்த பக்கத்தை அந்த ஓட்டையோடு சேர்த்து ஒட்டினார்கள். அகன்ற வாய்க்குள் டேபிள் ஃபேனின் முகத்தை நுழைத்தார்கள். எண் பதினாலு.

ஃபேன் சுற்றியது. கம்ப்ரஸர் எழுந்தது. கலைமதி தலைமாட்டிலிருந்து ஓர் ஊதுவத்தியை உருவி, காற்று கசிகிறதா என்று ஒட்டிய இடங்களில் எல்லாம் காட்டிக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் புகை சடாரென்று வெளியே பறந்தது. அங்கே இன்னொரு சுற்று டேப். பிறகு எங்கே காட்டினாலும் புகை நேராக மேலே போனது. ஊதுவத்தியைத் திரும்பக் கொண்டுபோய் அவன் தலைமாட்டிலேயே செருகினாள்.

பத்து நிமிசம் ஆனது. கால் மணி ஆனது. எண் பதினாலிலேயே நின்றது. பிறகு பதிமூன்று.

ஆதிமூலம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மேளக்காரர்களிடம் போய், "சாப்ட்டு வந்துடுங்கப்பா. பொண்ணு வந்தாவுட்டு எடுக்கலாம்" என்றார். அப்போதுதான் கலைமதி அழுதாள். பெட்டியில் சாய்ந்து, வாய்விட்டு. நேற்றிலிருந்து வராததெல்லாம் சேர்ந்து வந்தது.

நாலே காலுக்குக் கார் வந்து நின்றது. எண் ஐந்தில் இருந்தது. நிவேதா செருப்பை எங்கே விட்டாள் என்று தெரியாமல் ஓடிவந்தாள். கௌதம் மூடியைத் திறந்துவிட்டான். அவள் அப்பாவின் கன்னத்தைத் தொட்டாள், காதைத் தொட்டாள். "தூங்கற மாதிரியே இருக்காரும்மா" என்றாள். "தூங்கற மாதிரியே இருக்காரு." கலைமதி அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

வெகுநேரம் கழித்து நிவேதா தரையில் சரிந்து உட்கார்ந்தாள். கால்மாட்டில் கோணல்மாணலாக ஒட்டிய டேப்பும், அடியில்லாத நீல அன்னக்கூடையும் அப்போதுதான் அவள் கண்ணில் பட்டன. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். அழுது வீங்கிய முகத்தில் ஒரு சிரிப்பு வந்து நின்றது.

"கடைசில அப்பா கண்டுபுடிச்சிட்டாராம்மா?"

கொளஞ்சியம்மாள் எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். கலைமதி அவள் கையை அழுத்தினாள்.

"ம்" என்றாள். "கண்டுபுடிச்சிட்டாரு."

வெட்டுப்பட்ட விரலை மடக்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். வெளியே மேளம் ஆரம்பித்தது.