இருபது ஐம்பது

எஞ்சின் ஆயிலைப் பற்றி இந்த உலகில் இரண்டே கருத்துகள்தான் உண்டு: சித்தப்பா சொல்வது ஒன்று, தவறானது மற்றொன்று. முப்பது வருடம் லாரி ஓட்டியவர். ஆயில் டப்பாவைத் திறந்தால் முதலில் ஒரு சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்ப்பார். விரலைவிட்டுப் போக மறுத்தால் நல்ல ஆயில், வழுக்கி ஓடினால் தண்ணீர். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

கார் சித்தியுடையது. ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தைக் காலை ஆறு மணிக்குத் திறக்க வேண்டியவள் அவள்தான். பஸ்ஸை நம்பி இரண்டு முறை தாமதமாகப் போய்விட்டாள். மூன்றாவது முறை தாமதமானால் வேலை இல்லை என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். அதற்காக வாங்கிய பழைய சின்ன கார் அது.

ஆயில் மாற்றும் நாளன்று சித்தி காரோடு வந்த கையேட்டைப் பிரித்துக் காட்டினாள். 5W-30 என்று போட்டிருந்தது. முன்னால் இருக்கும் எண் சிறியதாக இருந்தால் ஆயில் குளிரிலும் சுலபமாக ஓடும், பின்னால் இருப்பது எஞ்சின் சூடான பிறகு எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு என்றாள். சித்தப்பா பொறுமையாகக் கேட்டார். பிறகு, லாரிக்கு ஊற்றிப் பழகிய 20W-50 டப்பாவை எடுத்தார்.

“இருபது அஞ்சைவிடப் பெருசு. அம்பது முப்பதைவிடப் பெருசு. ரெண்டு பக்கமும் நாமதான் ஜெயிக்கறோம். புத்தகத்தைப் பாத்து ஆயில் ஊத்தறவங்க, அந்தப் புத்தகத்து மேலயே ஏறி வேலைக்குப் போகட்டும்.”

நான் சிரித்தேன். புனலைப் பிடித்துக்கொண்டிருந்தவனுக்கு வேறு வழியில்லை.

பத்தாம் நாள், எங்கள் மலையூரில் கார்க் கண்ணாடியில் பனி உறைந்திருந்த காலை ஐந்தரை மணிக்குச் சித்தி சாவியைத் திருப்பினாள். முதல் வகுப்புக்கு எழுப்பப்பட்ட விடுதி மாணவனைப் போல எஞ்சின் ஒருமுறை முனகிவிட்டு அடங்கியது. அடுத்த முறை அந்த முனகலும் பாதியாகியது. சித்தப்பா பாட்டரியைத் திட்டினார், பிறகு பனியை, பிறகு காரைச் செய்தவர்களை. சித்தி கண்ணாடியை இறக்கினாள்.

“லாரிக்காரரே, தள்ளுங்க.”

தள்ளினோம். தெருமுனைச் சரிவில் கிளட்சை விட்டதும் கார் இருமிக்கொண்டே உயிர் பெற்றது. ஐந்து ஐம்பத்தொன்பதுக்குப் பூட்டைத் திறந்துவிட்டதாகப் போனில் சொன்னாள்.

அன்று சித்தப்பா ஒரே செய்தித்தாளை ஒரு மணி நேரம் படித்தார். எட்டிப் பார்த்தேன். நடுவே கையேடு இருந்தது. வரிக்கு வரி விரல் ஓடிக்கொண்டிருந்தது.

“விளையாட்டுப் பக்கம்,” என்றார், நிமிராமல்.

சித்தி வேலை முடிந்து வந்து தூங்கியதும் கடைக்குப் போய் வந்தார். காருக்கு அடியில் பழைய பேசினை வைத்து ஆயிலை இறக்கினார். இன்னும் தேன் நிறம் மாறாத ஆயில். புது 5W-30 டப்பாவைத் திறந்தவர், பழக்கதோஷத்தில் ஒரு சொட்டை விரலில் எடுத்தார். தேய்க்கவில்லை. துணியில் துடைத்துவிட்டு, புனலைப் பிடிக்கச் சொன்னார்.