ஒரே விரிப்பில் இரண்டு வயிறு

என் தம்பி நெமத்ஜானுக்கு இரண்டாவது கல்யாணம் செய்து வைத்தது நான்தான். முதல் மனைவி இறந்த பிறகு இஸ்ஃபராவுக்கும் குஜந்துக்கும் நடுவில் வேன் ஓட்டிக்கொண்டு, வழியில் கிடைத்த, இறைச்சி அடைத்த சம்பூசாவையும் ரொட்டியையும் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டு கிடந்தான். கனிபாதம் ஊரில் திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்த சனோபரை நானே போய்ப் பார்த்துப் பேசி முடித்தேன். அவளும் புருஷனை இழந்தவள். ஐம்பதை நெருங்கும் இரண்டு பேர், ஒருவரை ஒருவர் "நீங்க, வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டு குடித்தனம் தொடங்கினார்கள்.

ஆப்ரிகாட் இலை உதிர்ந்து முடிந்த சமயம் சனோபர் என் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் உட்காரக்கூட இல்லை.

"அக்கா, உங்க தம்பி மனசுல வேற யாராவது இருக்காங்களா?"

"அவன் மனசுலயா? வேனுக்கு டயர் மாத்தணும்ங்கிற நெனப்பத் தவிர அதுல ஒண்ணும் கிடையாதும்மா."

"காலைல எழுந்ததும் போனை எடுத்துக்கிட்டுத் தோட்டத்துக் கடைசிக்குப் போறாரு. டீ ஆறிப்போகுது, ஆளக் காணோம். திரும்பி வந்தா முகமே சரியில்ல."

தோட்டத்துக் கடைசியில் இருப்பது கழிப்பறை. எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு வயிறு கட்டிக்கொள்ளும். அம்மா அவனைப் பிடித்து உட்கார வைத்துப் பீட்ரூட் ஊட்டுவாள். ஆனால் கல்யாணத்துக்கு முன்பே, "இத மட்டும் அவங்ககிட்ட சொல்லிடாத அக்கா" என்று என்னை ரொட்டியின் மேல் சத்தியம் செய்ய வைத்திருந்தான்.

"யாரும் இல்ல. என்னை நம்பு" என்று சொல்லி அனுப்பினேன். அவள் நம்பவில்லை.

அந்த வாரமே தம்பி வந்தான்.

"அவங்களுக்கு என்னைப் பிடிக்கலை அக்கா. சந்தைலேர்ந்து நல்ல கொண்டைக்கடலையா பாத்து வாங்கிட்டுப் போய் நானே சூப் வெச்சேன். ரெண்டு வாய் சாப்பிட்டாங்க, அப்புறம் கிண்ணத்தத் தள்ளி வெச்சுட்டாங்க. அன்னைக்குத் தையல் மெஷின் இருக்கிற ரூம்லயே படுத்துக்கிட்டாங்க. ராஜ்மா வெச்சாலும் இதே கதைதான்."

சனோபரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். முகம் சிவந்துவிட்டது. தலைமுக்காட்டின் நுனியால் வாயை மூடிக்கொண்டு சொன்னாள்.

"கடலை, ராஜ்மா, வெங்காயம் எதுவும் எனக்கு ஒத்துக்காது அக்கா. வயிறு மத்தளம் மாதிரி ஊதிக்கும். அப்புறம் அது சும்மா இருக்குமா? புதுப் பொண்டாட்டி பக்கத்துல படுத்துக்கிட்டு டமடமன்னு... ஐயோ, அவரு என்ன நெனப்பாரு! நீங்க சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

மறுபடியும் ரொட்டி. இரண்டு பேருடைய ரகசியமும் என் தொண்டையில் சிக்கிக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

குளிர் இறுகியபோது ஒருநாள் வேன் நிலையத்தில் நெமத்ஜானால் இருக்கையை விட்டு எழ முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வண்டியின் ஸ்டீயரிங்கில் சாய்ந்துவிட்டான். பயணிகளே கைத்தாங்கலாக மருத்துவமனையில் சேர்த்தார்கள். நானும் சனோபரும் ஓடினோம். அவள் காலில் வேறு வேறு ஜோடிச் செருப்பு.

டாக்டர் இளம்பெண். அவன் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"கடைசியா எப்ப வெளிக்கிப் போனீங்க?"

தம்பி சுவரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். மனைவி இருந்த பக்கம் மட்டும் திரும்பவில்லை.

"மாமா, வெட்கப்பட்டா மருந்து எழுத முடியாது."

"போன வாரம்" என்றான். "தினமும் போய் உக்காருவேன். ஒண்ணும் நடக்காது."

சனோபர் நிமிர்ந்தாள். "அப்ப, போன்?"

"செஸ் ஆடுவேன்" என்றான். "சும்மா எவ்வளவு நேரம் உக்காந்திருக்கிறது?"

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண்ணீர் வழிந்தது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, எல்லார் முன்னாலும், முதல் தடவையாக அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பயப்பட ஒன்றுமில்லை என்றாள் டாக்டர். மருந்தோடு சாப்பாட்டையும் மாற்றச் சொன்னாள். "வெறும் ரொட்டியும் கறியும் போதாது மாமா. உலர்ந்த ஆப்ரிகாட்ட ஊற வெச்சுச் சாப்பிடுங்க. பரங்கிக்காய், பீட்ரூட், பயறு எல்லாம் சேத்துக்குங்க. தண்ணி நிறைய குடிங்க. ஆனா கொஞ்சம் கொஞ்சமாத்தான் கூட்டணும்."

சனோபர் எழுந்தவள் நின்றாள். "டாக்டர், அதே ஆப்ரிகாட்டும் கடலையும் சாப்பிட்டா வயிறு ஊதுறவங்களுக்கு?"

"யாருக்கு?"

"எனக்குத் தெரிஞ்ச... ஒருத்தங்களுக்கு."

"எல்லா வயிறும் ஒண்ணு இல்லக்கா. ஒருத்தருக்கு நல்லது பண்றது இன்னொருத்தரப் படுத்தும். ஒத்துக்காதத அவங்க குறைச்சுக்கட்டும். கடலைய நல்லா ஊற வெச்சு, அந்தத் தண்ணியக் கொட்டிட்டுக் குழைய வேக வெச்சு, கொஞ்சமா சாப்பிட்டுப் பாக்கச் சொல்லுங்க. கேரட், பரங்கிக்காய் பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது. ரொம்ப வலிச்சா இங்க வரச் சொல்லுங்க."

தம்பி சனோபரையே பார்த்துக்கொண்டிருந்தான். கொண்டைக்கடலை சூப்பும் அவள் தள்ளி வைத்த கிண்ணமும் அவன் தலைக்குள் ஓடுவது எனக்குத் தெரிந்தது. வெளியே வந்ததும், "இதுக்கா தனியாப் போய்ப் படுத்தீங்க?" என்றான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்க இந்த ஊர விட்டே போகப் போறீங்கன்னு நெனச்சேன்" என்றான் அவன்.

கொஞ்சம் கொஞ்சமாக என்று டாக்டர் சொன்னது என் தம்பியின் காதில் ஏறவில்லை. மறுவாரமே ஒரு கிண்ணம் ஆப்ரிகாட்டை ஊறிய தண்ணீரோடு முழுங்கிவிட்டு வேன் எடுத்தான். பாதி வழியில் பருத்திக் காட்டோரம் வண்டியை நிறுத்திவிட்டு ஓட்டமாக ஓடினானாம். "டிரைவர் எங்கப்பா?" என்று கேட்டவர்களிடம் ஒரு கிழவர், "விடுங்க, அவரு சந்தோஷமா இருக்காரு" என்றாராம். இதை நெமத்ஜானே வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டினான். சனோபர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பிறகு அளவு பிடிபட்டது. அவனுக்கு அவள் பரங்கிக்காயை ஆவியில் வேக வைத்தாள். அவளுக்கு அவன் பாசிப்பயறும் அரிசியும் வெங்காயமில்லாமல் குழைய வைத்துச் சீரகத் தண்ணீர் போட்டுக் கொடுத்தான். முதல் நாள் அடிப்பிடித்துவிட்டது. அவள் கருகியதை ஒதுக்காமலே சாப்பிட்டாளாம்.

ஒருநாள் நான் போயிருந்தபோது சாப்பாட்டின் நடுவே அவள் வயிறு பெரிதாக முனகியது. அவள் எழப் போனாள்.

"உக்காருங்க. அக்கா ஒண்ணும் வெளியாள் இல்ல" என்றான் தம்பி.

"நான் சாப்பிடற சத்தத்துல எனக்கு எதுவும் கேக்கல" என்றேன் நான்.

பனி உருகியதும் சம்பூசாவுக்குள் வைக்கக் கீரை பறிக்க எல்லாரும் மலைச்சரிவுக்குப் போவோம். இந்த வருஷம் அவர்கள் எனக்கு முன்பே அங்கே இருந்தார்கள். சனோபர் குனிந்து ஏதோ ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்தாள்.

"இது எனக்கு ஒத்துக்குமான்னு தெரியலையே."

"கொஞ்சமா சாப்பிட்டுப் பாப்போம்" என்றான் நெமத்ஜான், பையை அவள் முன்னால் விரித்துப் பிடித்தபடி. "வயித்தப் படுத்துச்சுன்னா ரெண்டு பேரும் சேந்து முழிச்சிருக்கலாம்."

அவள் அந்த இலையைப் பையில் போட்டாள். நான் அவர்களைக் கூப்பிடாமல், சரிவின் மறுபக்கமாகப் பறிக்கப் போனேன்.