யார்மீதாவது சந்தேகம் உண்டா

முப்பத்தெட்டு வருஷம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு மேசை, இரண்டு நாற்காலி, தலைக்கு மேலே தகரக் கூரை. கிரயம், பாகப்பிரிவினை, உயில், நடுநடுவே மனு. நான் எழுதிய மனு திரும்பி வந்ததே இல்லை என்று எனக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேரைக் காப்பாற்றிக்கொள்ளப் போய்த்தான் ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் வைத்துக்கொண்டிருப்பது அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

மகள் டிக்கெட் எடுத்துக் கொடுத்து, எங்கள் இரண்டு பேரையும் பத்து நாள் வெளிநாடு பார்த்துவிட்டு வரச் சொன்னாள். எனக்கும் என் மனைவிக்கும் அதுதான் முதல் விமானம். பாஸ்போர்ட் கைக்கு வந்த அன்றைக்கே பிரவுன் ஷீட் வாங்கி அட்டை போட்டேன். கைக்கு வருகிற காகிதம் எதுவும் மடங்கக் கூடாது, கறை படக் கூடாது என்பது தொழில் புத்தி. பார்க்கிற திருடன் ஏதோ பழைய நோட்டு என்று விட்டுவிட்டுப் போவான் என்பது என் சொந்தப் புத்தி. மிச்சமிருந்த தாளை வீணாக்குவானேன் என்று மனைவி தன்னுடைய துதிப் புத்தகங்கள் நான்குக்கும் அதிலேயே அட்டை போட்டுக்கொண்டாள். எல்லாம் உள்ளங்கை அளவுப் புத்தகங்கள். விமான நிலையத்தில் சோதனை செய்த அதிகாரி என் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது என்ன பள்ளிக்கூட நோட்டா என்று கேட்டு அட்டையைக் கழற்ற வைத்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கழற்றினேன். அவரைத் தாண்டியதும் மறுபடி மாட்டிக்கொண்டேன். நம்மை யார் திருத்துவது?

நாங்கள் தங்கிய விடுதி சின்னது. மூன்று மாடி, ஆடிக்கொண்டே ஏறும் ஒரு லிஃப்ட். மேலாளர் தமிழ் பேசுகிறவர் என்பதற்காகவே மகள் அந்த இடத்தைப் பிடித்திருந்தாள். அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண்ணும் தமிழ்தான். நாற்பது, நாற்பத்திரண்டு வயது இருக்கும். முழங்கைக்கு மேலே மடித்துவிட்ட நீலச் சீருடை, நெஞ்சில் எண் போட்ட வில்லை. முதல் நாளே என் மனைவி அவளைத் தங்கச்சி ஆக்கிக்கொண்டாள். துடைப்பக் கட்டையை வாசலில் சாத்திவிட்டு இரண்டு பேரும் பேச ஆரம்பித்தால் எனக்குத்தான் குளியலறை கிடைக்காது. ஏஜென்சி மூலமாக வந்து ஏழு வருஷம் ஆகிறதாம். புருஷன் இல்லை. ஊரில் மகள் நர்சிங் படிக்கிறாள், முடிக்க இன்னும் ஒன்றரை வருஷம். அதுவரைக்கும் இந்த வேலை நிலைத்தால் போதும், அப்புறம் ஒரு நாள்கூட இங்கே இருக்க மாட்டேன் அக்கா என்று சொன்னாளாம். இதையெல்லாம் மனைவி என்னிடம் வந்து ஒப்பித்தாள். நான் காதில் வாங்கிக்கொண்டே வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறாம் நாள் பாஸ்போர்ட்டைக் காணவில்லை. முந்தின நாள் சாயங்காலம் படகுப் பயணத்துக்கான படிவத்தை நிரப்ப அதை வெளியே எடுத்தது ஞாபகம் இருக்கிறது. கட்டிலில் சாய்ந்துகொண்டே நிரப்பினேன். பிறகு தலையணைக்கு அடியில் வைத்தேன். காலையில் அதை மறந்துவிட்டு வெளியே போய், மத்தியானம் திரும்பி வந்து பார்த்தால் படுக்கை விரிப்பு ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்துச் செருகியிருந்தது. தலையணைக்கு அடியில் ஒன்றுமில்லை. பெட்டிகளைக் கவிழ்த்தோம். மெத்தையைத் தூக்கினோம். செருப்புக்குள்கூடக் கையை விட்டுப் பார்த்தேன். மனைவியின் பாஸ்போர்ட் என் கைப்பையில் பத்திரமாக இருந்தது. என்னுடையது மட்டும் இல்லை. நாங்கள் இல்லாத நேரத்தில் அறைக்குள் வந்துபோனவள் ஒருத்திதான்.

அவளைக் கூப்பிட்டு, என் பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டேன். கேட்ட குரல் நல்ல குரல் இல்லை. அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. பாஸ்போர்ட்டா, நான் பார்க்கவே இல்லீங்களே என்று அதையே நாலு தடவை சொன்னாள். கையில் இருந்த துணியைப் பிழிந்துகொண்டே நின்றாள். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி முழிக்கிறாள் பார் என்று அவள் காதில் விழும்படியாகவே மனைவியிடம் சொன்னேன். இந்த மாதிரிக் கேட்டால் யாருக்குமே முகம் அப்படித்தான் போகும் என்றாள் மனைவி. எனக்கு அது ஏறவில்லை.

மேலாளர் நல்ல மனுஷர். என்னைத் தன் அறைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்:

"ஐயா, தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுங்க. தூதரகத்துல அதுக்கே ஊருக்குப் போற தாள் குடுத்துடுவாங்க. திருட்டுன்னு எழுதி அந்தம்மா பேரையும் போட்டீங்கன்னா, விசாரணையெல்லாம் அப்புறம்தான். மொதல்ல அவங்க வேலை அனுமதியை ரத்து பண்ணிடுவாங்க. ஒரு நாள் பொறுங்களேன்."

பொறுத்திருக்கலாம். ஊர் திரும்ப இன்னும் நாலு நாள் இருந்தது. எந்த ரயிலும் எனக்காகக் காத்துக்கொண்டிருக்கவில்லை. ஆனால் 'தொலைந்தது' என்று எழுத என் கை வரவில்லை. ஊரார் காகிதத்தை எல்லாம் முப்பத்தெட்டு வருஷம் கட்டிக் காத்தவன், சொந்தக் காகிதத்தைத் தொலைத்துவிட்டான் என்று எழுதுவதா? மகள் என்ன நினைப்பாள்? ஊரில் எதிர் மேசையில் பத்திரம் எழுதுகிறவன் கேள்விப்பட்டால் சிரிக்க மாட்டானா? திருட்டுப் போனது என்றால் குற்றம் வேறொருவர் பக்கம் போய்விடுகிறது. அவ்வளவுதான் விஷயம். அன்றைக்கு இதை நான் நியாயம் என்று நினைத்தேன்.

காவல் நிலையத்தில் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்திலேயே எழுதினேன். ஆபீஸ் ஆங்கிலம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பாஸ்போர்ட் எண், வழங்கிய தேதி, காலாவதி தேதி, புகைப்படத்தில் நான் போட்டிருந்த சட்டையின் நிறம் வரைக்கும் எழுதினேன். யார்மீதாவது சந்தேகம் உண்டா என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் அவளுடைய வில்லையில் பார்த்த எண், அறைக்குள் வந்துபோன நேரம், கேட்டபோது முகம் மாறிய விதம் எல்லாவற்றையும் வரிசையாக எழுதினேன். அதிகாரி படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். இவ்வளவு தெளிவான புகாரை நான் பார்த்ததில்லை என்று சொன்னார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது.

ஒன்றே ஒன்றைத்தான் எழுதவில்லை. ஒரு காணி நிலத்துக்கு நான்கு எல்லையும், நடுவில் நிற்கிற ஒற்றைப் பனைமரமும் விடாமல் எழுதுகிற நான், பாஸ்போர்ட்டுக்குப் பிரவுன் அட்டை போட்டிருந்ததை எழுதவில்லை. மறந்துபோகவில்லை. விமான நிலையத்தில் சிரித்த மாதிரி இவரும் சிரிப்பார் என்று விட்டுவிட்டேன். அவளிடம் கேட்டபோதும் சொல்லவில்லை.

மறுநாள் தூதரகத்துக்குப் போனோம். புகாரின் நகலைக் காட்டியதும் பழைய பாஸ்போர்ட்டை ரத்து செய்து, ஊருக்குத் திரும்ப மட்டும் செல்லுபடியாகும் ஒரு தாளைக் கொடுத்தார்கள். வேலை சுளுவாக முடிந்தது என்று நினைத்துக்கொண்டு வந்தேன். விடுதியில் வேறு ஒரு பெண் எங்கள் அறையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நம் பாஷை தெரியாது. மனைவி இறங்கிப் போய் மேலாளரிடம் விசாரித்துவிட்டு வந்தாள். முந்தின நாள் மாலையே ஏஜென்சிக்காரர்கள் வந்து கூட்டிப்போய்விட்டார்களாம். அனுமதி ரத்தாகிவிட்டதாம். மூன்று நாளில் விமானம் ஏற்றிவிடுவார்களாம். இதைச் சொன்னதோடு சரி, அப்புறம் என்னோடு அவள் பேசவில்லை. திருடினவள் போகிறாள் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன், ஆனால் அந்த வார்த்தை எனக்கே ஒட்டவில்லை.

மேற்கொண்டு இரண்டு நாள் கழித்துக் காலையில், மனைவி குளித்துவிட்டு வந்து கண்ணாடிக்குப் பக்கத்து அலமாரித் தட்டின் முன்னால் நின்றாள். துதிப் புத்தகங்களை அங்கேதான் அடுக்கி வைத்திருந்தாள். எல்லாம் அவளுக்கு மனப்பாடம், திறந்து படிக்கிற வழக்கமே இல்லை. அன்றைக்கு மனசு சரியில்லாததால், ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து நல்ல வாக்கு வருகிறதா என்று பார்க்க நினைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு மேலே இருந்ததை எடுத்துப் பிரித்தாள். சாமியைத் தேடினவளுக்கு என் புகைப்படம் வந்தது.

வேறு சமயமாக இருந்தால் அதை வைத்தே ஒரு வருஷம் சிரித்திருப்போம். அவள் அதை என் மடியில் போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். நான் அட்டையைப் பிரித்துப் பார்த்தேன். என்னுடையதுதான். நான்கு புத்தகம் ஐந்தாக ஆனதை நாங்கள் யாரும் எண்ணவில்லை. அறையைத் தலைகீழாகப் புரட்டின நாங்கள் சாமி தட்டை மட்டும் தொடவில்லை.

ஓட்டமும் நடையுமாகக் காவல் நிலையத்துக்குப் போனேன். அதே அதிகாரிதான் இருந்தார். புகாரைத் திரும்பப் பெறுகிறேன், தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கிக் கோப்பில் சேர்த்தார். ரத்தான பாஸ்போர்ட் கிடைத்தாலும் செல்லாது என்றார். அது தொலையட்டும், அந்தப் பெண் என்ன ஆவாள் என்று கேட்டேன். அனுமதி தருவதும் எடுப்பதும் வேறு அலுவலகம், அவள் ஊருக்குப் போன பிறகு அங்கேயிருந்து மேல்முறையீடு செய்யலாம், எவ்வளவு காலம் ஆகும் என்று சொல்ல முடியாது, கிடைத்தால் கிடைக்கும் என்றார். இந்தப் பேச்சின் அர்த்தம் எனக்குத் தெரியும். இப்படிப்பட்ட பதிலோடு வாசலுக்கு வந்தவர்களுக்குத்தான் நான் காலமெல்லாம் மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மேலாளர் விலாசம் கொடுத்தார். தொழிலாளர் தங்கும் கட்டடம், ஒரு அறைக்கு எட்டுக் கட்டில், அடுக்குக் கட்டில். மற்ற ஏழு பேரும் வேலைக்குப் போயிருந்தார்கள். அவள் கீழ்க்கட்டிலில் உட்கார்ந்து ஒரு பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் விமானம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். ஏழு வருஷப் பழக்கம், அதை ஒரு நாளில் விட முடியாது போலிருக்கிறது.

பாஸ்போர்ட்டை அட்டையோடு நீட்டினேன். ஒரு நிமிஷம் அதையே பார்த்தாள்.

"இதுவாங்க? இதுதானா பாஸ்போர்ட்டு?" என்றாள். "விரிப்பை உதறுனதுல விழுந்திருக்கும்போல, கட்டிலுக்கடியில கூட்டறப்போ கால்ல பட்டுச்சுங்க. அக்காவோட சாமி புத்தகம்னு நெனச்சு, தப்பாச்சேன்னு தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டு மேல அதுங்களோட வெச்சேன். பிரவுன் அட்டைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே எடுத்துக் குடுத்திருப்பேனே ஐயா."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என்னை மன்னித்துவிடு அம்மா என்றேன். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்ததன் நகலை எடுத்துக் காட்டினேன். அவளுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. அதைப் பத்திரமாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

அப்போது அவளுடைய போன் அடித்தது. மகள். திருட்டுக்காக அனுப்புகிறோம் என்று ஏஜென்சியில் இருந்து வீட்டுக்குத் தகவல் போயிருந்தது. இவள் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனை என் பக்கம் நீட்டினாள்.

"நீங்களே சொல்லிடுங்க ஐயா. நான் சொன்னா, அம்மா சமாளிக்குதுன்னு நெனச்சுக்கும்."

சொன்னேன். நான் யார் என்று சொன்னேன். பாஸ்போர்ட் அறையிலேயே இருந்தது, உங்கள் அம்மாமேல் ஒரு தப்பும் இல்லை, அவசரப்பட்டது நான், போலீசிலும் எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அந்தப் பக்கம் மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசினாள். குரலில் சிரிப்பு வந்திருந்தது.

"ரொம்ப நன்றி சார். அப்ப அம்மா இங்க வரவேண்டாம்ல? அங்கயே வேலையில இருக்கலாம்ல?"

எத்தனையோ பேருக்கு எத்தனையோ பதில் சொன்ன வாய் இது. காரியம் கெட்டுவிட்டது என்று எனக்குத் தெரிந்து, மனு கொடுக்க வந்தவருக்குத் தெரியாத நேரத்தில் சொல்லுகிற ஒரு வார்த்தை என்னிடம் உண்டு. அதுதான் வந்தது.

"பார்க்கலாம்மா" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கையிலிருந்து போனை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"இல்ல கண்ணு," என்றாள். "அம்மா நாளைக்கு வந்துடறேன்."