பஸ்தியாம்பிள்ளை ஞாபகார்த்தக் கிண்ணம்

செத்துப்போனவர்களுக்கு யாரும் பதவி உயர்வு கொடுப்பதில்லை. பெனடிக்ற் கொடுத்தார்; அதுவும் வருடம் தவறாமல், ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, அத்தனை சனத்துக்கும் முன்னால்.

யாழ்ப்பாணத்துக் கல்லூரி ஒன்றின் பழைய மாணவர்கள் லண்டனில் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு ஓகஸ்டிலும் உதைபந்தாட்டப் போட்டி நடத்துவார்கள். இறுதி ஆட்டத்துக்கு முன்னால், எழுபத்தைந்தாம் ஆண்டில் மாகாணக் கேடயம் வென்ற கல்லூரி அணியின் பதினொரு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது வழக்கம். ஆள் எந்த இடத்தில் ஆடினார், சிறந்த ஆட்டக்காரருக்குக் கல்லூரி கொடுக்கும் ‘கலர்ஸ்’ விருதை எத்தனை முறை வாங்கினார், பிறகு எந்த அணிக்குப் போனார் என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் ‘தற்போது’ என்று தொடங்கி இன்றைய உத்தியோகத்தில் முடிக்க வேண்டும். அந்தத் ‘தற்போது’ வரும்போதுதான் மனைவிமார் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அறிவிப்பாளர் பெனடிக்ற். கிழக்கு லண்டன் பிளேஸ்டோக்காரர், தபால் பிரிக்கும் நிலையத்தில் காலை ஷிப்ட், அந்த அணியின் கோல் காப்பாளரும் அவர்தான். எல்லாம் மனப்பாடம். ‘கனகலிங்கம், வலது பின்வரிசை, ஒருமுறை கலர்ஸ், கொழும்பில் வங்கி அணி. தற்போது வால்தம்ஸ்டோவில் பெற்றோல் நிலைய முகாமையாளர்.’ முகாமையாளர் என்பது கொஞ்சம் தாராளம்தான். ஆனால் இரவு ஷிப்டில் கனகலிங்கத்தைத் தவிர அங்கே ஒரு குருவியும் இல்லாததால், முகாமை செய்தவர் அவரே என்று வைத்துக்கொள்ளலாம். தில்லையம்பலம் பொலிஸ் அணிக்கு ஆடியவர். ‘தற்போது கவுன்சிலில்’ என்று மட்டும் சொல்வார்கள். கவுன்சிலில் என்ன என்று கேட்கும் அளவுக்கு அங்கே யாரும் பண்பில்லாதவர் இல்லை. வருடா வருடம் ஒவ்வொருவருக்கும் ஏதாவது கூடும். ஒருவர் வீடு வாங்கியிருப்பார், இன்னொருவர் சுப்பர்வைசர் ஆகியிருப்பார்.

ஒருவருக்கு மட்டும் ஒன்றும் கூடுவதில்லை. இடது முன்வரிசை, பஸ்தியாம்பிள்ளை, இருமுறை கலர்ஸ். எண்பத்தைந்தில் மன்னாரிலிருந்து இந்தியாவுக்குப் போன படகு ஒன்றைக் கடற்படையினர் கடலில் வைத்துச் சுட்டார்கள். நீந்திக் கரை சேர்ந்தவர்களுக்குள் அவர் இல்லை. அதற்குப் பிறகுதான் போட்டியின் வெள்ளிக் கிண்ணத்துக்கு அவருடைய பெயரை வைத்தார்கள்.

முதல் வருடம் பெனடிக்ற் உள்ளதைத்தான் சொன்னார். மற்றவர்களுக்கெல்லாம் நீளமாகப் போன அறிவிப்பு, பஸ்தியாம்பிள்ளைக்கு வந்ததும் இரண்டே வசனத்தில் முடிந்துபோனது. ‘தற்போது’ என்று சொல்ல ஒன்றுமில்லை. கல்லூரியிலேயே கெட்டிக்காரனுக்கு இவ்வளவுதானா என்று அவருக்கு வயிறு எரிந்தது. அடுத்த வருடம் தன்னையறியாமல் வாயிலிருந்து ஒரு வசனம் கூடுதலாக வந்தது: ‘தேசிய அணித் தெரிவுக்கு அழைக்கப்பட்டவர்.’ சனம் கைதட்டியது. அதற்கடுத்த வருடம் கல்கத்தாவிலிருந்து ஒரு பெரிய கழகம் ஆள் அனுப்பித் தேடியது. தொண்ணூற்றொன்றாம் ஆண்டு அறிவிப்பில் பஸ்தியாம்பிள்ளை இங்கிலாந்துக்கே வந்துவிட்டார். தொழில்முறைக் கழகம் ஒன்று அவரைப் பயிற்சிக்கு அழைத்திருந்ததாகவும், விமானச் சீட்டு சட்டைப்பையில் இருக்கும்போதுதான் அந்தப் படகில் ஏறினார் என்றும் பெனடிக்ற் தழுதழுத்த குரலில் சொன்னார். விமானச் சீட்டு உள்ளவன் எதற்கு வள்ளத்தில் ஏறினான் என்று ஒரு பிறவியும் கேட்கவில்லை. பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

பெனடிக்ற்றின் மனைவி மெற்றில்டாவுக்கு மட்டும் இந்தக் கூத்து தெரியும். “என்னப்பா, வாற வருசம் அந்த மனுசனை உலகக் கிண்ணத்துக்கு அனுப்பிப்போடாதேங்கோ” என்பாள்.

தொண்ணூற்றுமூன்றாம் ஆண்டு சித்திரையில் ஒரு பின்னேரம் தொலைபேசி அடித்தது.

“சார், நரசிம்மன் பேசுறேன். சொலிசிட்டர் ஆபீஸ்ல அகதி வழக்குக்கு மொழிபெயர்ப்பு பண்றவன். அப்டன் பார்க்ல உங்க ஊர்க்காரர் கடையில இந்த நம்பர் குடுத்தாங்க. பஸ்தியாம்பிள்ளைன்னு யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும். அருமையான பெடியன். செத்துப்போனான்.”

“சார், அவரு இப்ப என் எதிர்ல உக்காந்து டீ குடிச்சிட்டு இருக்காரு.”

“அது வேறை ஆளா இருக்கும்.”

தொலைபேசி கை மாறும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு குரல். “டேய் ஓட்டைக்கையா!”

அரையிறுதியில் பெனடிக்ற் கைக்குள் வந்த பந்தை நழுவவிட்ட நாளிலிருந்து உலகத்தில் ஒரே ஒருவன்தான் அவரை அப்படிக் கூப்பிட்டவன். பெனடிக்ற் மாடிப்படியில் பொத்தென்று உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். மெற்றில்டா கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள்.

“ஐயோ, ஆர் செத்தது?”

“சாகேல்லை,” என்றார் பெனடிக்ற். “ஒருத்தரும் சாகேல்லையடி!”

அந்த வாரமே பஸ்தியாம்பிள்ளை அவர்கள் வீட்டுச் சின்ன அறைக்கு வந்து சேர்ந்தார். மெலிந்து, காதோரம் நரைத்து, இடது முழங்காலைச் சற்று இழுத்து நடந்தார். ஆனால் சிரிப்பு பழைய சிரிப்பு. அவருக்காக வருடந்தோறும் கொடுத்த ஆத்ம சாந்திப் பூசைகள் எல்லாம் வீண்தானே என்று மெற்றில்டா கவலைப்பட்டாள். “வீணில்லை அக்கா, இருப்பில கிடக்கட்டும். எப்பவோ தேவைப்படும்தானே” என்றார் செத்தவர். வரவேற்பறை அலமாரியில் நின்ற கிண்ணத்தை எடுத்துத் தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தார். “ஞாபகார்த்தம்” என்று வாசித்துவிட்டு, அதற்குள் எட்டிப் பார்த்து, “ஒண்டும் இல்லையே” என்றார்.

பெனடிக்ற்றுக்கு அந்த ஒரு வாரம் கால் நிலத்தில் படவில்லை. இரண்டாவது வாரம்தான் நிலத்தில் பட்டது.

காரணம் கஸ்பர் அண்ணை. சங்கத் தலைவர், கணக்காளர், எதையும் பெரிதாகச் செய்தால்தான் அவருக்கு மனம் ஆறும். செய்தி கேட்டதும் வீட்டுக்கு வந்து பஸ்தியாம்பிள்ளையைக் கட்டிப்பிடித்தவர், வாசலில் பெனடிக்ற்றைத் தனியாக மறித்தார்.

“இந்தமுறை ஒரு கை பார்ப்பம், பெனடிக்ற். கிண்ணத்தை அவன்ரை கையாலை குடுக்கச் சொல்லுவம். அந்த இங்கிலீஸ் கழகம் கூப்பிட்ட கதையை அவனே மேடையிலை சொல்லட்டும். பெடியள் வேறை ஒரு பத்து நிமிசம் அவர் இறங்கி விளையாட வேணும் எண்டு நிக்கிறாங்கள்.”

“முழங்கால் ஏலாது அண்ணை.”

“அப்ப கதை காணும்.”

அந்தக் கதைதானே இல்லை! பெனடிக்ற்றுக்குத் தன் மானம் போவது பெரிதாகப் படவில்லை. சங்கத்துக்காரர் நாலு நாள் சிரிப்பார்கள், ஐந்தாம் நாள் வேறு யாரையாவது பிடித்துக்கொள்வார்கள். ஆனால் பஸ்தியாம்பிள்ளை? உயிரைத் தவிர வேறொன்றும் கொண்டுவராத மனிதன். அவன் மேடையில் ஏறிப் பொய் சொல்லவேண்டும். இல்லையென்றால் ‘நான் அப்படி ஒன்றும் பெரிய ஆளில்லை’ என்று அத்தனை பேருக்கும் முன்னால் சொல்லவேண்டும். எட்டு வருடம் கழித்துக் கிடைத்த சிநேகிதனைத் தன் வாயே கொன்றுவிடும் போலிருந்தது. சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தார். ஒவ்வொரு நாளும் தேத்தண்ணீரை மட்டும் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார்.

போட்டிக்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்து இருவரும் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். பஸ்தியாம்பிள்ளையின் முழங்காலுக்காக மெல்லத்தான் நடந்தார்கள்.

“மச்சான்,” என்றார் பஸ்தியாம்பிள்ளை. “நேற்று அப்டன் பார்க்கிலை கஸ்பர் அண்ணையைக் கண்டனான். எண்பத்தைஞ்சிலை உனக்கு இங்கிலாந்துக்கு ரிக்கற் வந்தது, ஏன் விமானத்திலை வராமல் விட்டனி எண்டு கேட்டார்.”

பெனடிக்ற் நடையை நிறுத்தினார். “நீ என்ன சொன்னனி?”

“ரிக்கற் நனைஞ்சு போச்சு எண்டு சொன்னனான். பிறகு கல்கத்தாவைப் பற்றிக் கேட்டார். அங்கை குளிர் எண்டு சொன்னனான். என்னடா இது? ஆரடா எனக்கு இவ்வளவு வேலை எடுத்துத் தந்தது?”

“நான்தான்.”

நடைபாதை ஓரத்துச் சின்னச் சுவரில் பஸ்தியாம்பிள்ளை உட்கார்ந்தார். பெனடிக்ற் நின்றபடியே கொட்டித் தீர்த்தார். “எல்லாருக்கும் வருசா வருசம் ஏதோ கூடிச்சுதடா. கனகலிங்கத்துக்குக்கூடக் கூடிச்சுது. உனக்கு மட்டும் அப்படியே நிண்டுது. எனக்கு அதைச் சொல்ல ஏலாமல் போச்சு. நீ இருந்திருந்தா இதெல்லாம் நடந்திருக்கும்தானே எண்டு போட்டுச் சொன்னனான். உன்னை இப்பிடி மாட்டிவிடுவன் எண்டு ஆர் கண்டது? என்னை மன்னிச்சுக்கொள்.”

பஸ்தியாம்பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள்கள் குலுங்கின. அழுகிறான் என்று நினைத்துப் பெனடிக்ற் குனிந்தார். மனிதர் சத்தம் வெளியே வராமல் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் மட்டும் ஓடியது.

“கல்கத்தாவாம்!” என்றார் கடைசியில். “டேய், நான் மெய்யாவே காசுக்கு விளையாடினனான், தெரியுமே?”

“எங்கை?”

அப்போதுதான் அந்தக் கதை வந்தது. கடலிலிருந்து அவரை இழுத்தெடுத்தது ஒரு ராமேஸ்வரம் மீன்பிடிப் படகு. அங்கிருந்து அகதி முகாம். முகாமில் பந்து உதைப்பதைப் பார்த்த ஒரு லொறி ஓட்டுநர் அவரைக் கேரளத்துக்கு, மலப்புறம் பக்கம் கூட்டிப்போனார். அறுவடை முடிந்த வயலில் மூங்கில் இருக்கை கட்டி, பக்கத்துக்கு ஏழு பேராக ஆடுவார்கள். ஊருக்கு ஊர் அணி, வெளியாட்களைக் கூலிக்குப் பிடிப்பார்கள். முகாமை விட்டு ஓடிய அகதி என்று தெரிந்தால் பிடித்துவிடுவார்கள் என்பதால் அங்கே அவருக்குப் பெயர் சேகர். அதனால்தான் யாருக்கும் கடிதம் போடவில்லை. எழுதிய ஒன்றிரண்டும் சண்டைக்குள் யாழ்ப்பாணம் போய்ச் சேரவில்லை.

“சேகருக்குச் சுவரிலை படம் ஒட்டியிருந்தவங்களடா,” என்றார் பஸ்தியாம்பிள்ளை. “ஆறு வருசம். பிறகு ஒருத்தன் முழங்காலிலை ஏறி விழுந்தான், அதோடை சரி. மிச்சம் பிடிச்ச காசை ஆள் அனுப்புறவனிட்டைக் குடுத்து இஞ்சை வந்தன். நானும் இதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை. கூலிக்கு விளையாடினவன் எண்டு நீங்களெல்லாம் என்ன நினைப்பியளோ எண்டு வெக்கமாக் கிடந்தது.”

பெனடிக்ற் அவருக்குப் பக்கத்தில் சுவரில் உட்கார்ந்தார். தான் வாய்க்கு வந்தபடி அளந்துகொண்டிருந்த அதே வருடங்களில் இவன் உண்மையிலேயே ஆடிக்கொண்டிருந்திருக்கிறான். நெஞ்சில் வைத்த அம்மிக்கல்லை யாரோ தூக்கி எடுத்தது போலிருந்தது. “வெக்கமோ? எங்கடை பதினொரு பேரிலை விளையாடியே சோறு திண்டவன் நீ ஒருத்தன்தானடா!”

“அப்ப அதைச் சொல்லு,” என்றார் பஸ்தியாம்பிள்ளை எழும்பிக்கொண்டே. “சேகரையும் சொல்லு. அவன்தான் எனக்குச் சாப்பாடு போட்டவன்.”

போட்டி நாளன்று வெயில் அடித்தது. மைதானத்தின் ஒரு கரையில் கொத்துரொட்டிச் சத்தம், மறுகரையில் பெடியள் ஆங்கிலத்தில் கத்தும் சத்தம். இறுதி ஆட்டத்துக்கு முன்னால் கஸ்பர் அண்ணை ஒலிவாங்கியைப் பிடித்தார். பஸ்தியாம்பிள்ளை அவருக்கு ஒரு முழம் தள்ளி, கடன் வாங்கிய கோட்டோடு நின்றார். கஸ்பர் அண்ணை தொண்டையைச் செருமி, ஆறு வருடப் பழக்கத்தில் ஆரம்பித்தார்.

“மறைந்த எமது வீரர் பஸ்தியாம்பிள்ளை அவர்களுக்காக எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனம் அனுட்டிப்போமாக!”

சனமும் ஆறு வருடப் பழக்கத்தில் எழுந்து தலையைக் குனிந்தது. பஸ்தியாம்பிள்ளையும் கை கட்டித் தலையைக் குனிந்து நின்றார். முதலில் மெற்றில்டாதான் வெடித்தாள். பிறகு மைதானமே சிரித்து உருண்டது. கஸ்பர் அண்ணை கிண்ணத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

பெனடிக்ற் ஒலிவாங்கியை வாங்கினார். வழக்கம்போல ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தார். கனகலிங்கம் இந்த வருடமும் முகாமையாளர்தான். இடது முன்வரிசை வந்ததும் நிறுத்திவிட்டுச் சனத்தைப் பார்த்தார்.

“பஸ்தியாம்பிள்ளை. இருமுறை கலர்ஸ். போன வருசங்களிலை இவரைப் பற்றி நான் சொன்ன தேசிய அணி, கல்கத்தா, இங்கிலாந்து எல்லாம் என்ரை ஆசையிலை வந்த பொய். அவருக்கு அதிலை ஒரு சம்பந்தமும் இல்லை.” கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. கஸ்பர் அண்ணையின் முகம் கிண்ணத்துக்குப் பின்னாலிருந்து மெல்ல வெளியே வந்தது. “மெய்யை இப்ப சொல்லுறன். கேரளத்திலை ஆறு வருசம் சேகர் எண்ட பேரிலை காசுக்கு விளையாடினவர். ஊர்ச் சுவரிலை இவரின்ரை படம் ஒட்டிச் சனம் கூட்டினவங்கள். எங்கடை அணியிலை இருந்து தொழில்முறை ஆட்டக்காரனாப் போனது இவர் ஒருத்தர்தான்.”

பெடியள் விசிலடித்தார்கள். பெனடிக்ற் கையை உயர்த்தினார். இன்னும் ஒன்று மிச்சமிருந்தது.

“தற்போது,” என்றார். அந்தச் சொல்லை இந்தப் பெயருக்குப் பின்னால் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. உத்தியோகம் இல்லை, வீடு இல்லை, விசா முடிவும் வரவில்லை. மனைவிமார் நிமிர்ந்து உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

“தற்போது,” என்றார் மறுபடியும், “உயிரோடை இருக்கிறார்.”

கைதட்டல் மைதானத்தைத் தூக்கியது. பெனடிக்ற் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, இன்னும் ஏதாவது சேர்க்க வாயைத் திறந்தார்.

“அது காணுமடா, ஓட்டைக்கையா!” என்று பஸ்தியாம்பிள்ளை சத்தம் போட்டார்.